மாடு மாதிரி மேயாது கடல்பசு
"கடல்பசு மாட்டைப் போலப் புல்லின் நுனியைக் கடித்து அசைபோடும்" என்று கடல்பசு பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பது சரியல்ல. காரைக்குடிப் பக்கம் கண்மாய்க்கரையில் மேயும் மாடு வேரை விட்டுவிடும். தொண்டிக் கடலில் ஆவுளியா (கடல்பசுவுக்கு அந்தப் பக்கத்துப் பெயர்), கீழ்நோக்கி மடிந்த தடித்த மேலுதட்டால் மணலைக் கிளறி, மெல்லிய கடற்புல்லாகப் பார்த்து மணலுக்குள் படரும் வேர்த்தண்டோடு பிடுங்கித் தின்னும். மாவுச்சத்து அந்தத் தண்டில்தான் இருக்கிறது. போன வழியில் சுமார் ஒரு சாண் அகலத்துக்கு வளைந்து வளைந்து வெறும் மணல் தடம் கிடக்கும். அசைபோடும் வேலையே கிடையாது, செரிமானம் பெரும்பாலும் பின்குடலில் (பெருங்குடல் பகுதியில்), அதுவும் நாள்கணக்கில். வளர்ந்த ஆவுளியாவுக்குத் தீனி ஒரு நாளைக்கு ஈரப்புல்லாக சுமார் 30 கிலோ. இப்படிப் பிடுங்கினால் புல்வெளி அழியாதா என்று கேட்கலாம்: தடத்தின் ஓரத்துத் தண்டிலிருந்து புல் மறுபடி படர்ந்துவிடும். ஆனால் இழுவைமடி (விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் வலை) வேரைப் பெயர்ப்பதோடு, கிளப்பிய சேற்றால் வெயிலையும் மறைத்துவிடும். அங்கேதான் புல் சாகிறது.