மனசு திடமாகத்தான் இருக்கிறது, ஆள் போடுங்கள்

பாளையங்கோட்டையில் எங்களைப் போன்ற அங்கன்வாடி டீச்சர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பு வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "மனசு திடமா இருந்தா பிள்ளைகளை மேய்க்கிறது ஒரு வேலையா?" என்று பயிற்சி கொடுக்க வந்தவர் கேட்க, முன்வரிசை கைதட்டுகிறது. பின்வரிசையில் இருந்த எங்கள் முகத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

மனதிடம் தேவைதான். டீச்சர் மனசு சரியில்லை என்றால் அதை முதலில் கண்டுபிடிப்பது மூன்று வயதுக் குழந்தைதான். ஆனால் எங்கள் திடத்தை எது அரிக்கிறது என்று அந்த மேடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் அங்கன்வாடிக்குள் வந்தது. வடிந்த பிறகு சேறு அள்ளியது நானும் உதவியாளர் அக்காவும்தான். சத்துமாவு ஊறி நாறிக் கிடந்தது. மறுபடி திறந்தபின், வானம் இருட்டினாலே ஒரு பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். "டீச்சர், தண்ணி உள்ள வருமா?" அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறுகையால் போஷன் டிராக்கர் என்கிற அரசுச் செயலியில் பிள்ளைகளின் எடை, உயரம் ஏற்றுவேன். நெட் இழுக்காது. ஏறவில்லை என்றால் மேலிருந்து போன். அவள் ஒருநாள் பயப்படாமல் ஜன்னலில் நின்று மழை பார்த்தாளே, அதைப் பதிய அந்தச் செயலியில் இடமில்லை.

"எல்லா வேலையிலும்தான் டென்ஷன்" என்பீர்கள். சரி. பணிச்சோர்வு என்பது வேலையிடத்தில் சரியாகக் கையாளாத நீண்டநாள் அழுத்தத்தால் வருவது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அப்படியிருக்க மருந்து மட்டும் எங்களுக்கு ஏன்? பக்கத்து மையத்துக்கு ஆள் இல்லாமல் அதையும் சேர்த்துப் பார்க்கிறவள் மூச்சுப்பயிற்சியை எப்போது செய்வாள்? முதலில் ஆள் போடுங்கள்.

"மத்தியானம் வரைக்கும்தானே வேலை" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

1975-ல் தொடங்கியது இந்த அங்கன்வாடித் திட்டம். மத்திய அரசு நிர்ணயிக்கும் மாத மதிப்பூதியத்தை 2018-ல்தான் 4,500 ரூபாய் ஆக்கினார்கள். எங்களுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுத் தாக்குப்பிடித்தவர்களிடம் வந்து திடமாக இருக்கச் சொல்கிறார்கள். வலிக்கிறது.

அடுத்த பயிற்சிக்கும் போவேன். பின்வரிசையில் உட்கார மாட்டேன். மைக் தந்தாலும் தராவிட்டாலும் எழுந்து, காலியிடத்தை எந்த மாதம் நிரப்புவீர்கள் என்று கேட்பேன். உடன் வருகிற டீச்சர்மார் கமெண்டில் சொல்லுங்கள்.