பாரம் தூக்கினால் பெண் ஆணாகிவிட மாட்டாள்

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விழாவில் நடந்ததை இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்களில் பலர் நேரிலேயே கண்டீர்கள். காணாதவர்களுக்கும் இதற்குள் செய்தி வந்து சேர்ந்திருக்கும். ஆகவே முழுக் கதையையும் நான் திரும்ப எழுதவில்லை. அரிசி மூட்டை தூக்கும் போட்டியில் முதலிடம் பெற்ற பிள்ளை பரிசு வாங்க மேடை ஏறியபோது, ஒலிவாங்கியை வைத்திருந்தவர், "கையைப் பாருங்கோ, இந்தப் பிள்ளையைக் கட்டப்போற மாப்பிள்ளை இப்பவே ஜிம்முக்குப் போகத் தொடங்கவேணும்" என்றார். கூட்டம் சிரித்தது. பிள்ளை வெற்றிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, சால்வையை இழுத்து இரண்டு கைகளையும் மூடியபடி படியிறங்கினாள். அன்றிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை.

"பகிடிக்குச் சொன்னது ரீச்சர், இதை ஏன் பெரிசாக்கிறீங்கள்" என்று சிலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பகிடி என்றால் கேட்டவளுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதே மேடையில், அதே நாளில், ஆண்கள் போட்டியில் வென்ற தம்பியின் தோளைத் தட்டி "சிங்கம்" என்று சொன்னதும் அதே வாய்தான். அவனது கலியாணத்தைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதை எத்தனை தடவை சொல்ல வேண்டுமோ அத்தனை தடவை சொல்வேன்: பாரம் தூக்கினால் பெண் ஆணாகிவிட மாட்டாள். இது என் ஆசையோ கொள்கையோ இல்லை, உடல் வேலை செய்யும் விதம். தசையைப் பருக்கச் செய்வதில் பெரும் பங்கு வகிக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன், வளர்ந்த ஆணின் இரத்தத்தில் பெண்ணுக்கு இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக இருக்கிறது. அவ்வளவு இருந்தும் ஆண்களுக்கே அது இலகுவில் வாய்ப்பதில்லை. மாலை நேரத்தில் எங்கள் ஜிம்முக்கு வரும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். கை ஓர் அங்குலம் கூடவேண்டும் என்பதற்காக வருடக்கணக்கில் தூக்கி, முட்டையை எண்ணிச் சாப்பிட்டு, புரத மாவு டப்பாக்களுக்குச் சம்பளத்தைக் கொட்டி, இன்னமும் கண்ணாடி முன்னால் நின்று கவலைப்படுகிறவர்கள் அவர்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்டும் வராத உடம்பு, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வந்து போகும் ஒரு பெண்ணுக்குத் தெரியாத்தனமாக வந்துவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

"அப்படியென்றால் படங்களில் வருகிற அந்தப் பெண்கள்?" என்று கேட்பீர்கள். உடற்கட்டுப் போட்டிக்குப் போகும் பெண்களைச் சொல்கிறீர்கள். அவர்கள் அந்த உடலை விரும்பி, பல வருடம் அதற்காகவே வாழ்ந்து, ஒவ்வொரு கவளத்தையும் அளந்து உண்டு, மேடை ஏறும் நாளுக்காகக் கொழுப்பையும் நீரையும் வற்றவைத்து வருகிறவர்கள்; சிலர் ஆண் ஹோர்மோன் மருந்தும் எடுக்கிறார்கள். அது அவர்களது தெரிவு, அதையும் நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி, 20 கிலோ பாரை, அதாவது எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புத் தண்டை, தூக்கத் தொடங்கியிருக்கும் ஒரு பிள்ளையைப் பயமுறுத்துவது நியாயமில்லை.

உண்மையில் கனமான பாரம் தூக்குகிறவர்களைப் பார்க்க விரும்பினால் பளுதூக்கல் வீராங்கனைகளைப் பாருங்கள். பெண்கள் பளுதூக்கல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2000 ஆம் ஆண்டு சிட்னியில். அங்கே வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரிதான் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவில் போட்டியிட்டவர். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். எங்கள் இலங்கையின் தினூஷா கோமஸ் 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 48 கிலோ பிரிவில் மொத்தம் 155 கிலோ தூக்கி வெண்கலம் கொண்டுவந்தார். மீராபாயும் தினூஷாவும் பல வருடங்கள் தூக்கியவர்கள், ஆனாலும் 48, 49 கிலோவுக்குள் நின்றவர்கள். நரம்புகள் தசை இழைகளை ஒன்றாகச் சேர்த்து வேலைவாங்கப் பழகுவதாலும் பலம் கூடுகிறது; முதல் கிழமைகளில் நாங்கள் காணும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி அதுதான். தசை பருக்காமலே பலம் கூடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு மறுப்பை மட்டும் நான் மதித்துப் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது தூக்கிப் பார்த்த பெண்களிடமிருந்து வருகிறது. "எனக்கு ரவிக்கைக் கை இறுகிவிட்டது" என்கிறார்கள். இறுகும். புதிதாகத் தொடங்கும்போது தசை தண்ணீரைப் பிடித்து வைக்கும், பசி கூடும், சில மாதங்கள் கொழுப்பு குறைவதற்கு முன்பே தசை சற்றுத் திரளும். சிலருக்குத் தோள் இயல்பாகவே விரைவில் உருண்டு வரும். எனக்கும் ஒரு விரலளவு தையலைப் பிரித்துவிட வேண்டி வந்தது, தைக்கிற அக்கா அதற்குப் பெரிய காசு ஒன்றும் கேட்கவில்லை. பிடிக்காதவர்கள் எடையைக் கூட்டாமல் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். தசை ஒரு இரவில் வருவதில்லை; விட்டால் தங்குவதும் இல்லை.

எனக்கு இந்த விடயம் ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், என் பெரியம்மாவை நான் கண்ணால் பார்த்தவள். சாம்பல்தீவில் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி, விறகு சுமந்து, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். ஐம்பது தாண்டியதும் மருமக்கள் "நீங்கள் இருங்கோ மாமி" என்று ஒவ்வொரு வேலையாகக் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள், அன்பாகத்தான் வாங்கினார்கள். அறுபத்தெட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் கதிரையிலிருந்து எழும்பத் தொடையில் பலம் இருக்கவில்லை. இரண்டு கைகளையும் கதிரைப் பிடியில் ஊன்றி, முகம் சிவக்க உன்னி, பாதி எழும்பி, பிறகு தொப்பென்று திரும்ப உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "எனக்கு என்ன நடந்தது பிள்ளை, நான் ஆள் இப்படி இல்லையே" என்றார். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இருக்கவில்லை.

பிறகு வாசித்து அறிந்துகொண்டேன். முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. மாதவிடாய் நின்றதும் எலும்பு அடர்த்தி மளமளவென்று இறங்குகிறது. இதை எதிர்த்து நிற்கப் பெண்ணுக்கு உள்ள வழிகளில் முக்கியமானது, தசைக்கும் எலும்புக்கும் போதிய பாரம் கொடுப்பது. அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் கிழமைக்கு 2 தடவை, 30 நிமிடம், 8 மாதங்கள், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, டெட்லிஃப்ட் (குனிந்து தரையிலிருந்து தூக்குதல்), ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழும்புதல்), தலைக்கு மேல் தூக்குதல் ஆகியவற்றைத் தங்களால் முடிந்த உச்ச எடையின் 85 சதவீதத்துக்கும் மேல் வைத்துச் செய்தார்கள். அவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடியது. வீட்டிலே இலகுவான பயிற்சி செய்தவர்களுக்கு அது குறைந்தது. பாட்டிமார் என்று நாங்கள் மூலையில் இருத்திவிடும் வயதுப் பெண்கள் அவர்கள். எவரும் ஆணாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலும் வளர்ந்தவர்கள் அனைவரும் கிழமைக்குக் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்து எழுதவில்லை.

பெண்களுக்கு ஒதுக்கிய காலை நேரத்தில் ஜிம்முக்கு வந்து பார்த்தால் உங்களுக்கே விளங்கும். கடற்காற்று பட்டுப் பாரெல்லாம் துருப்பிடித்திருக்கும், தூக்கி முடித்தால் உள்ளங்கையில் செம்மண் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாரைத் தொடாமல், சுவரோரம் இருக்கும் ரோஸ் நிற 1 கிலோ டம்பெல்லை எடுத்து நூறு தடவை ஆட்டிவிட்டுப் போகும் பெண்கள்தான் அதிகம். "கனமானது வேண்டாம் அக்கா, கை பெருத்திடும்" என்பார்கள். அதே பெண்கள் வீட்டுக்குப் போய் எரிவாயுச் சிலிண்டரை உருட்டி, மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றி, 25 கிலோ அரிசிப் பையை வாசலிலிருந்து குசினிக்கு இழுப்பார்கள். அப்போது யாருக்கும் கை பெருக்கும் பயம் வருவதில்லை. திருக்கடலூரில் மீன் பெட்டி தூக்கும் பெண்ணிடமோ, கட்டட வேலையில் சீமெந்துக் கலவை சுமக்கும் பெண்ணிடமோ போய் "ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாய்" என்று யாரும் சொன்னதில்லை. பிறருக்காகச் சுமந்தால் பொறுப்பான பெண்; தன் எலும்புக்காகத் தூக்கினால் மட்டும் ஏன் அவளது உடல் ஊர்ப் பேச்சாகிறது?

கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதைப் பற்றியும் கேட்டார்கள். ஏற்கெனவே இறக்கம் உள்ளவர்களும், பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆனவர்களும் வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்காமல் தூக்கக் கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்றவர்கள் மூச்சை அடக்கி முக்காமல், சொல்லித் தர ஒருவரை வைத்துக்கொண்டு, படிப்படியாகக் கூட்டலாம். ஆனால் இந்த அக்கறை, பிரசவித்து நாற்பது நாள் முடிந்ததும் கிணற்றடிக்குப் போன எங்கள் அம்மாமார் மேல் யாருக்கும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

பெண் பாரம் தூக்குவது எங்கள் "பண்பாடு" இல்லை என்று எழுதியவருக்குப் பதில் எழுத எனக்கு மனமில்லை. எங்கள் வீடுகளில் பாரை மீனின் நடுத்துண்டு யாருடைய தட்டுக்குப் போகிறது, குழம்பும் முள்ளும் யாருக்கு மிஞ்சுகிறது என்று அவர் ஒரு மதியம் பார்த்துவிட்டு வரட்டும். பெண்பிள்ளைக்குப் புரதம் குறைவு, இரத்தம் குறைவு, தசை குறைவு; அதற்கு மேல் கொஞ்சம் பலம் தேடிப் போனால் அழகும் குறைவு என்று சொல்லிவிடுகிறோம்.

நேற்று இரவு அந்தப் பிள்ளையின் அம்மா எனக்கு அழைப்பு எடுத்தார். "ரீச்சர், பிள்ளையை நிப்பாட்டிவிடவோ? கலியாண வயசு வருது, சனம் இப்படிக் கதைக்குது" என்று கேட்டார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும், இதை எழுத அவரிடம் கேட்டுக்கொண்டேன். 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து சம்பூரிலிருந்து வெளிக்கிட்டபோது, இந்தப் பிள்ளையை இடுப்பிலும், உடுப்புப் பையைத் தலையிலும், மாமியாரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாகரைப் பக்கம் நடந்தவர் அவர். "அக்கா, அண்டைக்கு உங்களுக்கு அந்தப் பலம் இல்லாட்டி?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது, நானும் அழுதேன். அந்த மேடையிலும் கீழேயும் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்படி ஒருத்தியால் தூக்கிவரப்பட்டு உயிர் பிழைத்தவர்கள்? அவர்களும்தானே அன்றைக்குச் சிரித்தார்கள்?

அக்காவுக்குச் சொன்னதையே மகளை அனுப்பத் தயங்கும் மற்ற அம்மாமாருக்கும் சொல்கிறேன். கிழமைக்கு 2 நாள் போதும். முதலில் வெறும் பாரோடு குந்தி எழும்பவும், முதுகை நேராக வைத்துக் குனிந்து தூக்கவும் பழகட்டும். தூக்கும் முறை சரியாக வந்த பிறகு ஒரு சிறிய எடைத் தட்டு ஏற்றினால் போதும். ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், பருப்பு, ஒரு கோப்பை தயிர் என்று பார்த்துக் கொடுங்கள், ஆண்பிள்ளையின் தட்டில் வைப்பது போலவே வையுங்கள். மாதவிடாய் தவறினால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். தனியாக அனுப்பப் பயமென்றால் என்னிடம் சொல்லுங்கள், காலையில் நான் அங்கேதான் இருப்பேன். பயிற்சியைப் பற்றிக் கீழே என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்த அளவுக்குப் பதில் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு சொல் எழுதினாலும் அழித்துவிடுவேன்.