இடுப்புப் பையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

இடுப்புப் பை மறுபடி ஃபேஷனாகிவிட்டது என்று சொன்னாலே பலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கட்டிக்கொண்டு வெளியே போனால் "என்ன, டூர் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்க எங்கேயும் ஓர் ஆள் இருப்பார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் உண்மையாகவே கோபம் உண்டு. இத்தனை வருடம் இந்தப் பையை ஒதுக்கி வைத்ததற்கு உருப்படியான காரணம் ஒன்றைக்கூட யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பார்க்க நன்றாக இல்லை என்பார்கள், அதோடு சரி.

அப்படியே வைத்துக்கொள்வோம். 2017-இல் பிரான்ஸின் ஆடம்பர பிராண்டு லூயி வுட்டானும் அமெரிக்காவின் தெரு ஃபேஷன் பிராண்டு சுப்ரீமும் சேர்ந்து ஒரு தொகுப்பு போட்டார்கள், அதில் இடுப்புப் பையும் இருந்தது. அதே காலத்தில் இத்தாலிய பிராண்டு குச்சியும் (Gucci) இதே பையை பெல்ட் பேக் என்ற பெயரில் தூக்கிப் பிடித்தது. ஒரு ஜிப், ஒரு வார், ஒரு கிளிப் என்ற அமைப்பில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆனால் நேற்றுவரை அசிங்கம் என்றவர்கள் அன்றைக்கு வரிசையில் நின்றார்கள். பையின் வடிவம் அசிங்கமாக இருந்திருந்தால் பெரிய பெயர் ஒட்டியதும் அது எப்படி அழகாகும்? கேலி செய்யப்பட்டது பை அல்ல, அதைக் கட்டியிருந்த ஆட்கள்தான். கழுத்தில் கேமராவோடு ஊர் பார்க்க வந்தவர், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலையும் அப்பா, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கும் அம்மா. 1980களில் எல்லோர் இடுப்பிலும் பளபள நைலானில் இருந்த பை, 90களின் கடைசியில் இவர்களோடு மட்டும் தங்கிவிட்டது. முன்யோசனையோடு கிளம்புகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது ஸ்டைல் என்று அன்றைக்கு யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

நடிகர் டுவெயின் ஜான்சனின் பழைய புகைப்படம் ஒன்று பலருக்கு நினைவிருக்கும். கறுப்பு உயர்கழுத்துச் சட்டை, கழுத்தில் சங்கிலி, இடுப்பில் பை. இணையம் முழுக்க அதை வைத்துச் சிரித்தார்கள். அவரோ 2017-இல் அதே கோலத்தில் மறுபடி வந்து நின்றார். எனக்கு அந்தத் தைரியம் பிடித்திருந்தது.

நான் இதைக் கட்டுவதற்கு ஃபேஷன் காரணமில்லை. காரணம் பாக்கெட். 2018-இல் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ், அமெரிக்காவில் பிரபலமான 20 பிராண்டுகளின் ஜீன்ஸை எடுத்து பாக்கெட்டுகளை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பக்க பாக்கெட் ஆண்களுடையதைவிட சராசரியாக 48 சதவீதம் நீளம் குறைவு, 6.5 சதவீதம் அகலமும் குறைவு. பாதிக்குப் பாதி! அளந்தவர்கள் சொன்ன பிறகுதான் பலர் நம்பினார்கள். பெண்களைக் கேட்டிருந்தால் அளக்காமலே சொல்லியிருப்போம். சில உடைகளில் பாக்கெட் மாதிரி ஒரு தையல் கோடு மட்டும் இருக்கும், விரலை விட்டால் துணியில் முட்டும். ஒரு பொருளை வைக்க இடம் இருப்பதுபோல் காட்டிவிட்டு இடம் தராமல் இருப்பதை யார் யோசித்தார்களோ, அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெண்களுக்கு ஒரு காலத்தில் நல்ல பாக்கெட் இருந்தது. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து பெண்கள் பாவாடைக்கு அடியில், நாடாவால் இடுப்பைச் சுற்றி, தனியாகத் தைத்த பைகளைக் கட்டியிருந்தார்கள். பாவாடையின் பக்கவாட்டில் ஒரு பிளவு விட்டிருக்கும், அதன் வழியே கையை விட்டு எடுக்கலாம். சாவி, கத்தரிக்கோல், கடிதம், காசு எல்லாம் உள்ளே போகும். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவை இன்றும் இருக்கின்றன. சிலவற்றில் பூவேலைப்பாடு அத்தனை நுணுக்கம், வெளியே தெரியாத ஒரு பைக்கு! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடம்போடு ஒட்டி விழும் மெல்லிய கவுன்கள் வந்தன. உள்ளே பை கட்டினால் உப்பித் தெரியும் என்று, கையில் பிடித்துக்கொள்ளும் சின்னப் பைக்கு மாறினார்கள். அன்றைக்குக் கைக்குப் போன பை அதற்குப் பிறகு கையை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. 1955 பிப்ரவரியில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் 2.55 என்ற பையைச் சங்கிலி வாரோடு தோளுக்கு ஏற்றினார். அது பெரிய விடுதலையாகப் பேசப்பட்டது, நியாயம்தான். ஆனால் தோள் பை நழுவுகிறதே. நழுவாமல் இருக்க நாம் ஒரு தோளை எப்போதும் கொஞ்சம் தூக்கியபடி நடக்கிறோம். தோள் பை மாட்டிய யாரையாவது பின்னாலிருந்து பாருங்கள், தெரியும்.

உடையில் பாக்கெட் இல்லாத இடத்திலெல்லாம் மனிதர்கள் இடுப்பைத்தான் நாடியிருக்கிறார்கள், ஆணும் பெண்ணும். ஸ்காட்லாந்தில் கில்ட் என்ற பாவாடை போன்ற உடையைக் கட்டும் ஆண்கள் முன்பக்கம் ஸ்போரன் என்ற தோல் பையைத் தொங்கவிடுவார்கள். ஜப்பானில் கிமோனோ இடைக்கச்சையிலிருந்து சின்னப் பெட்டிகளையும் பைகளையும் தொங்கவிட்டார்கள், அவை நழுவாமல் இருக்க செதுக்கிய குமிழ்களே பின்னாளில் தனிக் கலையாகின. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள்ளிருந்து கிடைத்த ஓட்ஸி என்ற மனிதர் ஏறக்குறைய 5,300 வருடம் பழையவர். அவர் இடுப்பு வாரில் கன்றுத் தோல் பை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. உள்ளே கல்லில் செய்த சுரண்டியும் துளைப்பானும், எலும்புக் குத்தூசி ஒன்று, தீ மூட்டப் பயன்படும் காளான். அவருக்கு அவசரத்துக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் கைக்கு எட்டும் தூரத்தில்.

நமக்கு அவசரத்துக்கு வேண்டியது போன். 2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். இன்றைக்குச் சாதாரண போனே 6 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. உடையின் பாக்கெட் சுருங்கிக்கொண்டே போக, உள்ளே போக வேண்டிய பொருள் வளர்ந்துகொண்டே போகிறது. இன்னொரு பக்கம், பணமும் டிக்கெட்டும் வரைபடமும் கேமராவும் போனுக்குள் போய்விட்டதால் தூக்க வேண்டிய மற்ற சாமான்கள் குறைந்துவிட்டன. போன், ஒரு கார்டு, சாவி, மாத்திரை, கைக்குட்டை. இதற்கு எதற்கு ஒரு பெரிய ஹேண்ட்பேக்? இடுப்புப் பை இப்போது திரும்பியதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஓடுபவர்களும் நடப்பவர்களும் உடற்பயிற்சி உடையோடு இதைக் கட்டத் தொடங்கியதும், உடற்பயிற்சி உடை பிராண்டான லுலுலெமனின் சின்னப் பை பரவியதும் எல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

அப்புறம், இதை ஒருபோதும் விடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஃபேஷன் பக்கங்களில் யாரும் எழுதுவதில்லை. முடி திருத்துபவர், எலக்ட்ரீஷியன், சந்தையில் நின்றபடி சில்லறை கொடுப்பவர், வார்டில் ஓடும் செவிலியர், கேமரா உதவியாளர். சர்க்கரை நோய்க்கு இன்சுலினும் ஊசியும் கூடவே வைத்திருக்க வேண்டியவருக்கும், கடுமையான அலர்ஜிக்கு ஊசி மருந்து சுமப்பவருக்கும் இந்தப் பை உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மேசையில் மறந்து வைத்துவிட்டு வரக்கூடாத பொருள் உடம்போடு இருக்க வேண்டும். அவர்களைப் பார்த்து டூரா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

வாங்க நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் பின்பக்கம் பாருங்கள், உடம்போடு ஒட்டும் பக்கம் ஒரு தட்டையான ஜிப் அறை இருக்க வேண்டும். பணமும் கார்டும் அங்கேதான். அடுத்தது கிளிப். நிறையப் பைகளில் அது நடு முதுகில் வந்து உட்காரும். நெரிசலில் யாராவது இரண்டு பக்கமும் அழுத்தினால் 'டக்' என்று கழன்றுவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. வாரைச் சரிசெய்து கிளிப்பை இடுப்பின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தால் கை அதன் மேலேயே இருக்கும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், அந்தக் கனம் கண் முன்னாலேயே இருந்தால் பயம் பாதியாகிவிடும். ஜிப் மூலையில் வளைகிற இடத்தை நாலைந்து தடவை ஒரே கையால் திறந்து மூடிப் பாருங்கள், மட்டமான ஜிப் அங்கேதான் மாட்டும். மிச்ச வாரைச் செருக ஒரு எலாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் நாள் முழுக்க ஒரு வால் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போதைய வழக்கம் நெஞ்சின் குறுக்கே மாட்டுவது. போன் எடுக்க அது வசதி, வெகுநேரம் உட்காரும்போது வயிற்றை அழுத்தாது. ஆனால் குனிந்தால் முன்னால் ஊஞ்சலாடும். குழந்தையைத் தூக்குபவர்களுக்கும் படியேறுபவர்களுக்கும் இடுப்பிலேயே இருப்பதுதான் நல்லது, கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, தளர்வாக. வெயிலில் பைக்கு அடியில் வியர்க்கும், உண்மை. தண்ணீர் பாட்டிலும் லேப்டாப்பும் இதில் போகாது. அதற்கு முதுகுப் பை இருக்கிறது.

எனக்கு இப்போது கவலை தருவது ஒன்றே ஒன்று. சமீபமாகக் கடைகளில் உள்ளங்கை அளவுக்கு இடுப்புப் பைகள் வருகின்றன. தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிது, தங்க நிறச் சங்கிலி, முன்னால் பெரிய முத்திரை. போன் நுழையாது. சிலவற்றில் சாவிக்கொத்துகூட நுழையாது. பெண்கள் பகுதியில்தான் இவை தொங்குகின்றன, ஆண்கள் பகுதியில் பை பையாகவே இருக்கிறது. ஜீன்ஸ் பாக்கெட்டுக்குச் செய்ததையே இதற்கும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். கடைக்குப் போகும்போது உங்கள் போனை எடுத்து அந்தப் பைக்குள் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதை அங்கேயே மாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.