பொன்னாடை போர்த்திவிட்டுக் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மொரிஷியஸின் ரோஸ்ஹில் மண்டபத்தில், புண் ஆற்றும் மெல்லிய இழையை ஆராயும் நம் பெண்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தியபோது நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள், வீடியோவும் சுற்றுகிறது. "பத்து வருஷமா நூல் நூற்கிறீங்களே, ஒரு மருந்தாவது கடைக்கு வந்துச்சா?" ஒருவர் மைக்கில் கேட்டார். சபை சிரித்தது.

அந்த வேலைக்கு அவ்வளவு நாள் ஆகும் ஐயா.

சரி, நூலையே பார்ப்போம். பாலிமரை, அதாவது பிளாஸ்டிக் போன்ற பொருளை, கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றி, மணிக்கு 1 மில்லி வீதம் தள்ளி, 15 கிலோவோல்ட் கொடுத்தால், 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அலுமினியத் தாளில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை விழும். விழ வேண்டும். கரைசல் நீர்த்துப்போனால் மணிமணியாகத் திரளும். கெட்டியானால் ஊசிமுனை அடைக்கும். ஜனவரி மழையில் காற்று ஈரமானால் நேற்று வந்த இழை இன்று வராது. கரைப்பான் மிச்சமிருந்தால் இழைமேல் வளரவிடும் செல்கள் செத்துப்போகும். கிருமி போகட்டும் என்று ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் 121 டிகிரியில் வைத்தால், 60 டிகிரியிலேயே உருகும் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர் கூழாகித்தான் வெளியே வரும். செல்களுக்கு 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு; இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அவற்றின் ஊடகத்தை, அதாவது சத்து நீரை, மாற்ற வேண்டும். காவடியன்றும்தான்.

இழையை எலியிடம் சோதித்து, எலிக்குப் புண் ஆறிவிட்டால் போதுமா? எலித்தோல் சுருங்கியே புண்ணை மூடிவிடும். நமக்குப் பெரும்பாலும் புதுத்தோல் வளர்ந்து மூட வேண்டும். அதனால் புண்ணைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்து, சுருங்கவிடாமல், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொன்னேனே, நாள் ஆகும்.

"வெளிநாட்டில் சட்டென்று முடிக்கிறார்களே" என்பீர்கள். முடித்தார்கள். 2011இல் ஸ்டாக்ஹோமில் பாவ்லோ மக்கியரினி என்ற அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் ஸ்டெம் செல் ஏற்றிப் பொருத்தினார். உலகமே கைதட்டியது. அங்கே அவர் அப்படிப் பொருத்திய மூவரும் இறந்தார்கள். 2023இல் சுவீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. அந்த வேகமா வேண்டும்?

"எங்கள் வரிப்பணம், கேட்கக்கூடாதா?" கேளுங்கள், தாராளமாக. ஆனால் கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லையே! மைக்கைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார். அடுத்து வந்த அம்மாள் "கல்யாணம் எப்போம்மா?" என்றார். அதற்கும் சிரிப்பு.

சிரித்த வீடுகளில் சர்க்கரைப் புண் இல்லாத வீடு எத்தனை? மஞ்சள் பத்து போட்டே விரலை இழந்தவர் எங்கள் பெரியம்மா. அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதே இடத்தில் ஒரு மந்திரி மகன் நின்றிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

அந்தப் பிள்ளை யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, செல்களுக்கு ஊடகம் மாற்ற ரெதுயியில் உள்ள ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டார். பொன்னாடை நாற்காலியிலேயே கிடந்தது. யாராவது எடுத்து வைத்தீர்களா?