கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டுங்கள்

குடித்துவிட்டு வண்டி எடுக்கப் போகிறவரிடமிருந்து சாவியைப் பிடுங்குகிறோம். ராத்திரி முழுக்க கண்விழித்துவிட்டு விடியற்காலையில் ஸ்டியரிங் பிடிப்பவரை மட்டும் "என்னா உழைப்புப்பா" என்று பாராட்டுகிறோம். இரண்டு பேரும் ஒரே சாலையில், ஒரே அளவு ஆபத்தோடுதான் வருகிறார்கள். இதைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் 0.05 என்பதே சட்டம் போட்டிருக்கும் எல்லைக்கோடு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. நாள் முழுக்க வேலை பார்த்து, சாப்பிட்டு, பெட்டியைக் கட்டி, "ராத்திரியில் ரோடு காலியா இருக்கும், ஒரே மூச்சில் போயிடலாம்" என்று கிளம்புகிறவர் புறப்படும்போதே அந்தக் கோட்டில்தான் நிற்கிறார்.

குடித்தவருக்கு பிரேக் போடக் கால் தாமதமாகவாவது போகும். தூங்கிவிட்டவருக்குக் கால் அசையவே அசையாது. சில வினாடிகள் மட்டும் மூளை அணைந்து திரும்பும் குட்டித் தூக்கம் ஒன்று இருக்கிறது. சில சமயம் கண்கூட முழுதாக மூடாது, தூங்கியதே அவருக்குத் தெரியாமலும் போகலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வினாடி தூங்கினால் வண்டி 110 மீட்டருக்கு மேல் ஓட்டுநரே இல்லாமல் ஓடியிருக்கும். பகலில், வளைவே இல்லாத நேரான சாலையில், பிரேக் போட்ட தடமே இல்லாமல் ஒரு கார் மரத்தில் மோதியிருந்தால், காரணம் என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ராத்திரி இரண்டிலிருந்து ஆறு மணி வரை மட்டுமல்ல, பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையிலும் உடலே தூக்கத்தின் பக்கம் சாயும்.

அப்புறம் நாம் நம்பிக்கொண்டிருக்கும் வைத்தியங்கள். ஜன்னலை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது. இதெல்லாம் சில நிமிடங்களுக்குத் தாங்கும், அவ்வளவுதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்தை வரவைக்கும் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூங்கினால்தான் அது கரையும். பாட்டுக்கு அது கரையாது. காபி அதன் வேலையைக் கொஞ்ச நேரம் மறைக்கும், ஆனால் குடித்த உடனே இல்லை, கிட்டத்தட்ட அரை மணி நேரம் பிடிக்கும். அதனால் உருப்படியான வழி ஒன்றுதான்: பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, 15-20 நிமிடம் கண்மூடிப் படுங்கள். எழும்போது காபியும் வேலையைத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் நீட்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழுந்த மந்தம் வேறு சேர்ந்துகொள்ளும். எழுந்த பிறகும் தலை கனத்தால் பயணம் அன்றைக்கு அங்கேயே முடிந்தது. இந்த 20 நிமிடமும் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது.

இதெல்லாம் தெரியாமலா ஓட்டுகிறார்கள்? பாதிப் பேருக்குத் தெரியும். காசும் வேலையும் விடாது. ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சமாகும், காலையில் லீவு போடாமல் ஆபீஸ் போகலாம். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு இன்னும் ரெண்டு சவாரி எடுத்தால்தான் வண்டிக் கடன் கட்ட முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பஸ் ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், அதைக் குறித்துவைக்க வண்டியிலேயே கருவி இருக்கும். இரட்டை ஷிஃப்ட் முடித்துச் சொந்தக் காரில் வீடு திரும்பும் நர்ஸின் நேரத்தை எந்தக் கருவியும் எண்ணுவதில்லை. அவரை அப்படி அனுப்பும் நிர்வாகங்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். ஒரு ஷிஃப்டை நீட்டச் சொல்பவர், அந்த ஆள் எப்படி வீடு போய்ச் சேர்வார் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒரு டாக்ஸி செலவு பெரிய விஷயமே இல்லை.

உடம்பு விஷயத்தில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கிற குளோர்பெனிரமின் மாதிரியான பழைய அலர்ஜி மாத்திரைகள் நன்றாகத் தூக்கம் வரவைக்கும். அட்டையைப் படித்துவிட்டு, மருந்துக் கடையில் "ஓட்டலாமா?" என்று கேட்டுவிட்டு வண்டி எடுங்கள். இன்னொன்று, பலத்த குறட்டையும், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் போகாத அசதியும் சேர்ந்து இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். சிகிச்சை இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள்.

புதுக் கார்கள் எச்சரிக்குமே என்பவர்களுக்கு: 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்கும் வசதி கட்டாயம். நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது பீப் அடித்துச் சொல்லும், நிறுத்த வேண்டியது நீங்கள்தான். அந்தச் சத்தம் தொந்தரவு என்று அணைத்துவைக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 1997இல் மேகி மெக்டானல் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவியின் கார் மீது, எதிரே வந்த வேன் தடம் மாறி மோதியது. அந்த வேன் ஓட்டுநர் 30 மணி நேரம் தூங்கியிருக்கவில்லை. தூங்காமல் ஓட்டுவதற்கு எதிராகச் சட்டம் இல்லாததால் 200 டாலர் அபராதத்தோடு வெளியே வந்தார். மேகியின் அம்மா விடவில்லை. 2003இல் நியூ ஜெர்சி மாநிலம், 24 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் ஓட்டி ஒருவர் சாகக் காரணமானால் வழக்குத் தொடரலாம் என்று மேகியின் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. ஒரு தாய் தன் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு ஆறு வருஷம் போராடி வாங்கியது அது.

ஊதிப் பார்த்து மதுவைக் கண்டுபிடிக்கிற மாதிரி தூக்கத்தைக் கண்டுபிடிக்க போலீஸ் கையில் கருவி இல்லை. அதனால் கூட வருகிறவர்கள்தான் கேட்க வேண்டும். வாடகை வண்டியில் ஏறும்போது "எப்போ கடைசியா தூங்குனீங்க அண்ணே?" என்று கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவழியில் "ஒரு இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன்" என்று அவர் சொன்னால் சரி என்று சொல்லுங்கள். லேட்டாக்கினார் என்று ஸ்டாரைக் குறைக்காதீர்கள்.