அல்சரைக் குளிர்ந்த பால் ஆற்றிவிடுமா?

“அல்சருக்குக் காரமும் பட்டினியும்தான் காரணம், தினமும் காலையில் ஒரு டம்ளர் குளிர்ந்த பால் குடித்தால் மாத்திரையே வேண்டாம்” என்று தருமபுரி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது.

அல்சர் எனப்படும் இரைப்பைப் புண்ணுக்கும் முன்சிறுகுடல் புண்ணுக்கும் முதன்மையான காரணங்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும் சில வகை வலி மாத்திரைகளும் ஆகும். அந்தப் பாக்டீரியாவை ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது; மருத்துவ உலகம் நம்ப மறுத்தபோது மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார் என்பது கேட்பதற்கே வியப்பான செய்தி.

காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணுக்கு அதுவே மூலகாரணம் அன்று. ஆகவே களிக்கு ஊற்றிக்கொள்ளும் காரக் குழம்பின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. பால் சற்று நேரம் எரிச்சலைத் தணிப்பது உண்மையே என்றாலும், அதிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மீண்டும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன.

இதைவிடக் கவலை தருவது வேறொரு வழக்கம். மாந்தோப்பில் கூடை சுமந்து இடுப்பு வலியோடு திரும்புகிறவர், மருந்துக் கடையில் சீட்டில்லாமல், புண்ணுண்டாக்கும் வலி மாத்திரைகளுள் ஒன்றான டைக்ளோஃபெனாக் வாங்கி நாள்கணக்கில் விழுங்கிவிட்டு, எரிச்சலுக்குப் பாலை நாடினால், அந்த எரிச்சல் தற்காலிகமாக அடங்கும், உள்ளே புண் ஆழமாகும்.

மூச்சு, மலம் அல்லது எண்டோஸ்கோபி பரிசோதனையில் கிருமி உறுதியானால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாடிக் மருந்துகளையும் பொதுவாக 14 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.