"முதலில் நட, மற்றதை அப்புறம் பார்க்கலாம்"

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்ட இளைஞனிடம் அவன் வீட்டார் அடிக்கடி சொல்லும் வாக்கியம், "முதலில் நீ எழுந்து நட, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான். இயன்முறை மருத்துவராக மறுவாழ்வுப் பணியில் இருக்கும் நான் இதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பாசத்தால் சொல்லப்படும் இந்த வாக்கியம் ஒருவனுடைய இருபதுகளை முழுதாகத் தின்றுவிடுகிறது என்று சொல்வதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். படிப்பைத் தொடர்வது அப்புறம், வேலை தேடுவது அப்புறம், நண்பனின் திருமணத்துக்குப் போவது அப்புறம், குளியலறை வாசலை இடித்து அகலப்படுத்துவதுகூட அப்புறம்தான். அவன் பழையபடி நடப்பது கடினம் என்பது மருத்துவருக்குத் தெரியும், பெரும்பாலும் அவனுடைய அப்பாவுக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை.

நம் ஊர்களில் இந்தக் காயம் வரும் வழிகள் எல்லோரும் அறிந்தவைதான். இருசக்கர வாகன விபத்து, கட்டடச் சாரத்திலிருந்து விழுவது, தென்னை, பனை மரங்களிலிருந்து தவறி விழுவது, கோடையில் தண்ணீர் குறைந்த கிணற்றில் தலைகீழாகக் குதிப்பது. இவற்றில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள், பல வீடுகளில் அப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள். காயத்தின் மட்டத்துக்குக் கீழே உணர்வோ அசைவோ ஓரளவு மிஞ்சியிருந்தால் மீட்சிக்கு வாய்ப்பு அதிகம்; காயம் முழுமையானது என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. எப்படியானாலும் திரும்ப வரக்கூடிய இயக்கத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே வந்துவிடுகிறது. இந்த உண்மையை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் கேள்வி கேட்கத் தொடங்கும்போது பொய் சொல்லாமல் இருக்க வேண்டும், சொல்லும்போது அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உண்மை மறைக்கப்படும் வீட்டில் அந்த இடத்தை வியாபாரம் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பிழிச்சலில் தொடங்கி, லட்சக்கணக்கில் பணம் வாங்கும் ஸ்டெம்செல் (குருத்தணு) ஊசி வரை போகிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள், சிலர் நிலத்தையே விற்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, குறிப்பிட்ட சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அப்பால் ஸ்டெம்செல் பயன்பாடு ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது. அதை முறையான மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். தண்டுவடக் காயத்துக்கு இதை உறுதியான சிகிச்சை என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல சக்கர நாற்காலி ஒன்று வாங்கலாம், வீட்டின் கழிப்பறையை மாற்றிக் கட்டலாம், பிள்ளையின் படிப்புக் கட்டணத்தையும் கட்டலாம்.

இனி, வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றைப் பேச வேண்டும். வெளியே வர மறுக்கும் இளைஞனைப் பார்த்ததும் அவனுக்குத் தன்னம்பிக்கை போய்விட்டது என்று சொல்லி, ஊக்கமூட்டும் காணொளிகளை அனுப்பிவைக்கிறோம். அவனிடம் தனியாக உட்கார்ந்து பேசினால், நான் பார்த்தவரை, பல நேரம் காரணம் வேறாக இருக்கிறது. பேருந்தில் போகும்போது மலம் கசிந்துவிடுமோ, உடலோடு மாட்டியிருக்கும் சிறுநீர்ப் பையின் நாற்றம் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அது. இருபத்து மூன்று வயதுக்காரன் தன் அம்மா கையால் டயப்பர் மாற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கும்வரை எந்த அறிவுரையும் அவன் காதில் ஏறாது. அந்த நிலையை மாற்றும் வழியும் அரிதானதல்ல. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டர் குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு உடனே எடுத்துவிடும் முறையை 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அறுவை அரங்கின் கிருமிநீக்கம் இதற்குத் தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும். கை நன்றாக இயங்கும் எவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். குடிக்கும் தண்ணீருக்கு ஓர் அளவும், மலம் கழிக்க நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே நேரமும் வைத்துக்கொண்டால் உடல் மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொள்கிறது. இது கைவந்த பிறகு ஒருவன் பேசும் குரலே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் இருக்கும்போது பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்வதும் அதைப் போன்ற பழக்கம்தான். அதை விட்டவனுக்குப் படுக்கைப்புண் வருகிறது, புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் குப்புறப் படுக்க நேர்கிறது, எழுத வேண்டிய தேர்வு போய்விடுகிறது.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. அடிபட்ட மகனை வாசல் திண்ணையிலாவது உட்கார வைக்கிறவர்கள், மகளைப் பின்னறையில் கிடத்திவிடுகிறார்கள். அவளுக்குக் கல்யாணம் நடக்காது என்று அவள் காதுபடவே முடிவு செய்கிறார்கள். காயத்துக்குப் பின் சில மாதங்கள் நின்றுபோகும் மாதவிடாய் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தண்டுவடக் காயமுள்ள பெண் கருத்தரிக்கவும் குழந்தை பெறவும் முடியும். ஆண்களுக்கு விறைப்பிலும் விந்து வெளியேற்றத்திலும் சிக்கல் வரலாம். அதற்கு மருந்துகள் இருக்கின்றன, குழந்தைப் பேற்றுக்குத் துணை செய்யும் முறைகளும் இருக்கின்றன. இதையெல்லாம் மருத்துவர் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சப்படும் பிள்ளை இரவில் கைப்பேசியில் தேடி, அரைகுறையாகப் படித்து, தன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான்.

தண்டுவடக் காயமுற்றவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் தெளிவான அறிகுறிகள் தென்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது சாதாரண மக்களிடையே இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே தூக்கமும் பசியும் போய், யாருடனும் பேசாமல் வாரக்கணக்கில் இருப்பவனை, "இந்த நிலையில் அப்படித்தான் இருப்பான்" என்று விட்டுவிடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதே புள்ளிவிவரம், பெரும்பாலானோர் அந்த நிலைக்குப் போவதில்லை என்பதையும் சொல்கிறது. பார்க்க வரும் உறவினர்கள் கட்டிலருகே நின்று, "இப்படி இருப்பதற்கு அன்றைக்கே போயிருக்கலாம்" என்று பெருமூச்சு விடும்போது அந்தப் பெரும்பாலானோரை மறந்துவிடுகிறார்கள்.

வேலூரில் அறுவை மருத்துவப் பயிற்சியில் இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்ற வழியை அவருக்குக் காட்டியவர் அங்கே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். மேரி வர்கீஸ் பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று தனித் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. இந்த வரலாற்றில் என் மனத்தில் நிற்பது, யாரோ ஒருவர் அவரிடம் காத்திருக்கச் சொல்லாமல் வேலை கொடுத்தார் என்பதுதான். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அவர் சங்கத்துக்குச் சூட்டினார்.

ஆனால் இவர்களைக் காட்டி, "பார், அவரே சாதித்துவிட்டார், உனக்கென்ன?" என்று அடிபட்ட பிள்ளையைக் குத்தக் கூடாது. அவனுக்கு உடனடியாகத் தேவைப்படுபவர் தனக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பு அடிபட்ட, சாதாரண வேலை பார்க்கிற இன்னொருவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி, ஆட்டோவில் ஏறுவது எப்படி, வெளியூர்ப் பயணத்தில் கதீட்டரை எங்கே வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் அவரால்தான் சொல்ல முடியும். ஈழத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பாகத் திரண்டு ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். நம் மருத்துவமனைகள் அப்படி ஒருவரைச் சந்திக்க வைக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் கோரிக்கை.

தமிழ்நாடு அரசு தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. கதீட்டருக்கும் டயப்பருக்குமே அது போதாது, உயர்த்தப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடத்தையும், சேர்க்கையில் 5 ஆண்டு வயது வரம்புத் தளர்வையும் தருகிறது. படிப்பு பாதியில் நின்றுபோன பல பிள்ளைகளின் வீட்டில் இந்த இரண்டாவது விதியை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. வகுப்பு மாடியில் இருக்கிறதென்றால் அதைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அவன் மருத்துவமனையில் இருக்கும்போதே வீட்டில் வேலையைத் தொடங்கிவிடுங்கள். கழிப்பறை வாசல் 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். வாசற்படி ஓர் அடி உயரம் என்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். அவனுடைய நண்பர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கும்போது மண்டபத்தில் சாய்தளம் இருக்கிறதா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் மண்டபத்துக்காரரிடம் பேசுங்கள், காரில் முன் இருக்கையை அவனுக்கு ஒதுக்குங்கள், எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போவீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர் குடிப்பதையும் கதீட்டர் போடுவதையும் அவன் அந்த நேரத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டியிருக்கும்.